ஜமீனுக்கு ஒரு பனியன்

“ஒண்ணுதான் இறங்கியிருக்காம்.”

“எது ஒண்ணு?”

“அதாம்ட்டி... அது.”

“அதுன்னா எது அத்தான்?”

“மெதுவாப் பேசு. ஆட்டோக்காரர் கேக்காரு. வீட்டுக்குப் போய் சொல்லுதேன்.”

ஏழு வருஷத்துக்கு முன்னால், நாய் டாக்டரிடம் முதல் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது ஆட்டோவில் நடந்த பேச்சு அது. அனுப்ரியாவின் மடியில், வெண்ணெய் நிறத்தில் ஒரு லாப்ரடார் குட்டி, உலகமே தனக்காகத்தான் நகர்கிறது என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. அந்த மிதப்புக்காகவே அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தார்கள்.

குட்டியோடு டாக்டர் அறைக்குள் போனது அவள் கணவன் இசக்கிமுத்து மட்டும்தான்; வீட்டுக்குப் போயும் அவன் சொல்லவில்லை. குட்டியைக் குளிப்பாட்டும்போது அவளாகவே தெரிந்துகொண்டாள். ஆண் நாய்க்கு இரண்டு விரைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றது வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. “டாக்டர் இதுக்கு என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“என்ன சொல்லுவாரு? இறங்கும். எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரணும்லா” என்றான் இசக்கிமுத்து.

அதே வாக்கியத்தை அவன் இன்னொரு விஷயத்துக்கும் சொல்லுவான். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை.

இசக்கிமுத்துவுக்கு ரங்கநாதன் தெருவில் கடை. ஆண்களுக்கும் பையன்களுக்குமான பனியன், ஜட்டி, லுங்கி மட்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அவன் அப்பா போட்ட கடை. கூட்டம் நெரிக்கும் அந்தத் தெருவில், கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும் வாடிக்கையாளரை அவன் உரக்கக் கூப்பிடுவான். “வாங்கண்ணே, எண்பத்தஞ்சா தொண்ணூறா? உள்ள போடுறதுக்கு வெக்கப்பட்டா வெளிய போடுறது எப்படிண்ணே நிக்கும்?” கடையே சிரிக்கும். நாள் முழுக்க எலாஸ்டிக்கைப் பற்றியும் இடுப்பளவைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷனுக்கு, அந்தத் துணி மூடுகிற உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வெளியே வராது.

கெட்டவன் இல்லை. அதுதான் அனுப்ரியாவுக்குக் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். கடை சாத்திவிட்டு வரும்போது ஒருநாள்கூடப் பூ வாங்காமல் வந்ததில்லை. ஊரிலிருந்து அவன் அம்மா பேச்சியம்மாள் போன் செய்து, “அவளை அந்தக் கோயிலுக்கு அனுப்பு, இந்த லேகியத்தைக் குடு” என்று ஆரம்பித்தால், “அவளை ஒண்ணும் சொல்லாதம்மா, வையி போன” என்று அவளுக்காக நிற்பான். ஆனால் அவள் பக்கம் நிற்பது ஒன்று. அவளோடு வந்து நிற்பது இன்னொன்று.

நாலு வருஷத்துக்கு முன்னால், தேனாம்பேட்டையில் ஒரு குழந்தைப்பேறு டாக்டரிடம் அனுப்ரியா தனியாகப் போயிருந்தாள். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, “உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை ஹஸ்பெண்டைக் கூட்டிட்டு வாங்க. அவருக்கு ஒரு சின்ன டெஸ்ட் எடுக்கணும். பாதிப் பேருக்கு அங்கதான் விஷயம் இருக்கும்” என்று சொன்னார் அந்த டாக்டர் அம்மா.

வீட்டுக்கு வந்து முதல் பாதியைச் சொன்னாள். “எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

“பாத்தியா, நான்தான் சொன்னேன்லா? வரும், நேரம் வரும்போது வரும்.”

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது பாதி அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிறகு ஒருமுறை சுற்றி வளைத்துத் தொட்டுப் பார்த்தாள். தட்டில் பாதி சாப்பாட்டோடு எழுந்து போனவன், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து அந்தக் கேள்வியை விழுங்கப் பழகிக்கொண்டாள்.

போன கார்த்திகையில், இசக்கிமுத்து கடையிலிருந்து சின்னப் பிள்ளைகள் போடும் வெள்ளைப் பனியன் ஒன்றைக் கொண்டுவந்து ஜமீனுக்குப் போட்டுவிட்டான்.

“பனி பெய்யுதுல்லா. பயலுக்குக் குளிரும்” என்றான்.

சென்னையில் பனி பெய்கிறது என்று ஒரு திருநெல்வேலிக்காரன் சொன்னதே அனுப்ரியாவுக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் கையில்லாத பனியனுக்குள் கம்பீரமாக நடந்த ஜமீனைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைக்கார வீட்டுப் பிள்ளை, கடைச் சரக்கைப் போட்டுக்கொள்ளாமல் வேறு என்ன போடும் என்று அவளும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். தினமும் காலையில் இசக்கிமுத்துவே பனியனை மாற்றிவிடுவான். அவளை விடமாட்டான்.

தை போனது. மாசி போனது. பங்குனி வெயில் சுவரைத் தொட்டால் சுட்டது. பனியன் மட்டும் கழன்றபாடில்லை.

ஒருநாள் காலை, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போன இசக்கிமுத்து போன வேகத்தில் திரும்பி வந்தான். வாசலில் வாட்ச்மேன் புகழேந்தியின் சிரிப்பு மாடிவரை கேட்டது. அனுப்ரியா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே நாலைந்து தெரு நாய்கள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

“இன்னாண்ணே, ஜமீனுக்கு இன்னா கல்யாண ஊர்வலமா? தெருவுல கீற நாயெல்லாம் பின்னாடியே வந்துக்கினு கீது” என்றான் புகழேந்தி. பிறகு குனிந்து உற்றுப் பார்த்தான். “அட, அத்தினியும் ஆம்பள நாயி. இவன் ஆம்பளதானே நைனா?”

இசக்கிமுத்து ஜமீனை இழுத்துக்கொண்டு படியேறினான். அன்றிலிருந்து ஜமீன் தெருவுக்குப் போவது நின்றது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாலு சுற்று, அவ்வளவுதான்.

அந்த வாரமே ஜமீன் சாப்பாட்டைக் குறைத்தது. கோழிக் குழம்பு வாசனைக்குத் தலையைத் தூக்கும், தட்டுவரை வரும், முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். இசக்கிமுத்து கடைக்குப் போன ஒரு மதியத்தில், அனுப்ரியா தரையில் உட்கார்ந்து அந்தப் பனியனைக் கழற்றினாள்.

கழற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு விலாவிலும் ரோமம் கொட்டி, தோல் கறுத்துப் போயிருந்தது. வயிற்றில் முலைக்காம்புகள், குட்டி போட்ட பெட்டை நாய்க்கு இருப்பதுபோல வீங்கியிருந்தன. பின்னங்கால்களுக்கு நடுவே இருந்த அந்த ஒற்றை விரையும் சுருங்கிக் கிடந்தது. வயிற்றைத் தடவினாள். உள்ளே ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஜமீன் முனகிவிட்டு, முனகியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல அவள் கையையே நக்கிக் கொடுத்தது.

சாயங்காலம் இசக்கிமுத்து வந்தபோது பனியன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஜமீன் வெறும் உடம்போடு கூடத்தில் படுத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“தோல் வியாதிதான். தேங்காயெண்ணெ தேச்சா சரியாப் போகும்” என்றான்.

“தோல் வியாதிக்கு எதுக்கு அத்தான் பனியன்?”

“பாக்குறவன் சிரிக்கானுவட்டி. அந்தப் புகழேந்தி என்ன கேட்டான்னு உனக்குத் தெரியாதா? இவன் ஆம்பளதானேன்னு கேக்கான்.”

“கேட்டா கேட்டுட்டுப் போறான். இவன் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு.” அவள் குரல் உயரவில்லை. “நாளைக்குக் காலைல நான் இவனை அடையாறுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க நல்ல டாக்டர் இருக்காங்களாம். நீங்க வந்தா வாங்க, வராட்டி ஆட்டோ பிடிச்சுக்கிறேன்.”

மறுநாள் அவன் கடை வேனை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினான். ஜமீனுக்குப் பனியனை மாட்டித்தான் கீழே இறக்கினான்.

அடையாறில் மரங்கள் மூடிய ஒரு சின்னத் தெருவில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. டாக்டரின் பெயர் கயல். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெண் டாக்டர் என்றதும் இசக்கிமுத்து ஜமீனின் பனியனை இழுத்துச் சரிசெய்தான்.

“என்ன பிரச்சினை சார்?”

“முடி கொட்டுது மேடம்.”

“எவ்வளவு நாளா?”

“இப்பதான்... கொஞ்ச நாளா.”

“கார்த்திகைலேர்ந்து” என்றாள் அனுப்ரியா. பனியனைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். “ஒரு விரைதான் இருக்கு. இன்னொண்ணு?”

இசக்கிமுத்து சுவரில் தொங்கிய பூனைப் படத்தைப் பார்த்தான். “அது... சின்னதுலேர்ந்தே அப்படித்தான்.”

“ஆறு மாசத்துக்குள்ள இறங்கலைன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு யாரும் சொல்லலையா?”

இந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அனுப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது.

“சொன்னாங்க” என்றான். “முதல் ஊசிக்குப் போனப்பவே சொன்னாங்க.”

ஏழு வருஷம். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து டாக்டர் நிதானமாகச் சொன்னார். “விரை உடம்புக்கு வெளிய, சூடு கம்மியான இடத்துல இருக்க வேண்டியது. உள்ளேயே மாட்டிக்கிட்டா, வருஷக்கணக்கா அந்தச் சூட்டுல கிடந்து கட்டியா மாறுற ஆபத்து ரொம்ப அதிகம். இவனுக்கு மாறிடுச்சு. முடி கொட்டுறது, காம்பு வீங்குறது, ஆம்பள நாய்ங்க பின்னாடி வர்றது, எல்லாத்துக்கும் அதுதான் காரணம். இன்னும் விட்டா ரத்தம் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். நல்லவேளை, வேற எங்கயும் பரவின மாதிரி தெரியல. ரெண்டு விரையையும் எடுத்துடலாம்.”

“ரெண்டையுமா?” இசக்கிமுத்துவின் குரல் உடைந்தது. “எடுத்துட்டா அப்புறம் அவன் ஆம்பளையா இருக்க மாட்டானே மேடம். காயடிச்ச நாயின்னுல்லா சொல்லுவானுவ.”

டாக்டர் சிரிக்கவில்லை. “சார், உள்ள இருக்கிற அந்தக் கட்டி இப்ப இவன் உடம்புல பெண் ஹார்மோனைச் சுரந்துக்கிட்டிருக்கு. எதுக்குப் பயந்து எடுக்காம விட்டீங்களோ, எடுக்காம விட்டதாலதான் அது நடந்திருக்கு. ஆம்பளைங்கிறதெல்லாம் அவனுக்குத் தெரியாது. சாப்பிடணும், ஓடணும், உங்க காலடியில படுத்துத் தூங்கணும். அவ்வளவுதான் அவனுக்கு வேணும். வெக்கம் உங்களோடது சார். வலி மட்டும்தான் அவனோடது.”

டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

“இவனை எப்பவாவது இணை சேர்த்திருக்கீங்களா?”

“ஒரு தடவை. கே.கே. நகர்ல ஃப்ரெண்டு வீட்டு நாயோட. மூணு வருஷம் முன்னால.”

“அது தப்பு. இது பரம்பரையா வர்ற குறை. அந்தக் குட்டிங்கள்ல ஆண் குட்டி இருந்தா, உடனே பார்க்கச் சொல்லுங்க. இவனுக்கு நடந்தது அதுக்கு நடக்க வேண்டாம்.”

இரண்டு நாள் கழித்து ஆபரேஷன். உள்ளே ஜமீன் மயக்கத்தில் கிடக்க, வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிமுத்து அந்தப் பனியனை மடித்தான். கடையில் பெட்டிக்குள் வைப்பதற்கு மடிப்பதுபோல, தோளை உள்ளே தள்ளி, அடியை மேலே ஏற்றி, சுருக்கம் தெரியாமல். மடித்து முடித்ததும் உதறினான். மறுபடி மடித்தான். அனுப்ரியாவுக்கு அவன்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனாலும் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பனியனை வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டு, காலியாக இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கயல் வெளியே வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது என்று சொன்னபோது, அவன் அழுதான். ஆண்கள் அழுவதைப் பற்றி அவனுக்கு இருந்த அபிப்பிராயமெல்லாம் அப்போது அவனுக்கே ஞாபகம் இல்லை.

நாலாவது நாள், அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மதிய நேரத்திலும் ரங்கநாதன் தெரு தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர்ந்தது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். இசக்கிமுத்து கல்லாவில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஏதோ முடிவுக்கு வந்தவன்போல எண்ணை அழுத்தினான். கே.கே. நகர் செம்பியனுக்கு. ஜமீனின் மகன் ‘சின்ன ஜமீன்’ அவன் வீட்டில்தான் வளர்கிறது. இரண்டு பேரும் சந்தித்தால் அப்பன் பெருமையும் மகன் பெருமையும்தான் பேச்சு.

பஜாரின் இரைச்சலில் மெதுவாகப் பேச முடியாது. ஸ்பீக்கரில் போட்டு, ஜட்டி அளவு கேட்கிற அதே குரலில் கேட்டான்.

“செம்பியா, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. சின்னவனுக்கு விரை ரெண்டும் இறங்கியிருக்கா?”

கடையில் பேச்சு நின்றது. பனியனை மார்பில் வைத்து அளந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் அப்படியே நின்றார்.

“உனக்கு எப்பிடி மச்சி தெரியும்?” என்றான் செம்பியன். “நான் என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லலயே.”

“ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான் மச்சி. உன்கிட்ட சொன்னா, வம்சத்துக்கே கெட்ட பேருன்னு ஃபீல் பண்ணுவியேன்னு கம்முனு இருந்தேன்.”

“நானும் உன்கிட்ட மறைச்சேன்டா. பெரியவனுக்கும் ஒண்ணுதான். அது உள்ளயே கட்டியாகி, சாகக் கிடந்து இப்பதான் பொழைச்சிருக்கான். சின்னவனுக்கு மூணு வயசுதானே? இப்பவே எடுத்தா ஒண்ணும் ஆகாதாம். நாளைக்கே அடையாறு கூட்டிட்டுப் போ. இனிமே அவனை இணைக்கு விடாதே. வெக்கப்பட்டுட்டு நிக்காத, கேட்டியா?”

“சரி மச்சி” என்றது போன். பிறகு சின்னக் குரலில், “சொன்னியே, தேங்க்ஸ்டா. தனியா வச்சிக்கினு முழிச்சிக்கினு இருந்தேன்” என்றது.

பெரியவர் மெல்ல மூச்சு விட்டார். “நாயிக்கா தம்பி? நான் என்னமோன்னு பயந்துட்டேன்.”

கடை சிரித்தது. இசக்கிமுத்துவும் சிரித்தான். “நாயா இருந்தா என்ன, மனுஷனா இருந்தா என்ன அண்ணாச்சி. உடம்புக்கு ஒண்ணுன்னா வாயத் தொறந்து சொல்லணும். உங்களுக்குத் தொண்ணூறா, தொண்ணூத்தஞ்சா?”

சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்ற அனுப்ரியா, அவன் சொன்ன வார்த்தையை மனசுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். மனுஷனா இருந்தா என்ன.

தையல் பிரிக்கிற நாளும் வந்தது. ஜமீன் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையத்தோடு, அதையும் பட்டத்து மாலையாக நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பியதில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று வந்திருந்தது. முடி முளைக்கச் சில மாதம் ஆகும், ஆனால் முளைத்துவிடும் என்றார் டாக்டர் கயல். காலையில் ஒரு தட்டு சோற்றைக் காலி செய்துவிட்டு, இன்னொரு தட்டுக்குக் குரைத்ததை அனுப்ரியா சொன்னதும், “அவன் சொல்லிட்டான், இதுக்கு மேல எனக்கு ரிப்போர்ட்டே வேண்டாம்” என்று சிரித்தார்.

கிளம்பும்போது பனியன் ஞாபகத்துக்கு வந்து அனுப்ரியா பையைத் திறந்தாள். இசக்கிமுத்து வேண்டாம் என்று தலையசைத்தான். கறுத்த விலாவும் தையல் தழும்புமாக, பனியன் இல்லாமலே ஜமீன் அடையாறு வெயிலில் நடந்தது. எதிரே வந்த பெண் ஒருத்தி, “ஐயோ, நாய்க்கு என்னாச்சுங்க?” என்று கேட்டாள். இசக்கிமுத்து நின்றான். நடைபாதையிலேயே நின்று, முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். “உங்க வீட்டுல ஆம்பளக் குட்டி இருந்தா தடவிப் பாருங்க, ரெண்டும் இறங்கியிருக்கான்னு” என்று முடித்தான்.

நந்தனத்தில் மெட்ரோ வேலை என்பதால், வேனைத் தேனாம்பேட்டை வழியாகத் திருப்பினான். அண்ணா சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் பஸ்ஸும் பின்னால் ஆட்டோக்களுமாக நகர இடமில்லை. பின்சீட்டில் ஜமீன் குறட்டை விட்டது. அனுப்ரியா இடது பக்கம் பார்த்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் தனியாக ஏறி இறங்கிய படிகள் அந்தக் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியில் அப்படியே இருந்தன.

“அனு” என்றான் இசக்கிமுத்து. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஏழு வருஷமா அவன் வயித்துக்குள்ள அது வளந்துருக்கு. நான் அதுக்குப் பனியன் போட்டு மூடிருக்கேன். பெரிய ஆம்பள மாதிரி. உடம்புல ஒரு குறைன்னா அது வைத்தியம் பாக்க வேண்டிய விஷயம்தான், அவமானம் இல்லை. வெக்கப்பட்டு மூடி வச்சதுதான் தப்பு. எனக்கு இதப் புரிய வைக்க ஒரு வாயில்லாச் சீவன் சாகக் கிடக்க வேண்டியிருந்துருக்கு.”

அவள் இன்னும் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயாவது அப்பமே சட்டையப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா நீங்க தட்டை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்களே அத்தான்.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் எந்தத் தட்டைச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. முகம் மாறியது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

“இனிமே போக மாட்டேன்” என்றான். “எதுன்னாலும் சொல்லு. கேக்கேன்.”

இத்தனை வருஷமாக எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் விழுங்கிய வாக்கியம் அது. சொல்லும்போது அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“அதோ அந்த ஆஸ்பத்திரிக்கு என்கூட ஒரு தடவை வாங்க அத்தான். நான் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன். நீங்களும் எடுத்துக்கணும்.”